காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கிளிக்... பழைய வண்டிகளை போனில் படமெடுப்பது எப்படி?

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்தி சுமார் 25 கி.மீ. வயல்வெளி முடிந்து ஜவ்வாது மலை அடிவாரம் தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை. எதிரே புளியமரத்தடியில் ஒரு பழைய ஜீப். பச்சை பெயின்ட் பாதி உரிந்து, மழையும் வெயிலும் தின்றது போக மீதி நின்றுகொண்டிருந்தது. விடுவோமா? போனை எடுத்து பத்து கிளிக் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்தும் சொதப்பல். கிட்டப்போய் எடுத்ததில் ஹெட்லைட் தவளைக் கண் மாதிரி வீங்கியிருந்தது. முன்கண்ணாடியில் ஜீப்பின் ஸ்டீயரிங்குக்குப் பதிலாக என் மஞ்சள் டி-ஷர்ட் தெரிந்தது. கூரைக்கு மேலே டீக்கடை போர்டு கொம்பு மாதிரி முளைத்திருந்தது.

அதைவிட உறுத்தியது, கிளம்பும்போது ஜீப்பின் உரிமையாளர் சொன்ன வார்த்தை. "போற வர்றவங்க எல்லாம் போட்டோ எடுக்கறாங்க தம்பி. ஒருத்தரும் எனக்கு ஒண்ணு குடுத்ததில்ல. அடுத்த மாசம் இதை எடைக்குப் போடப் போறேன்."

பழைய வண்டிப் படம் என்றால் இன்ஸ்டாவுக்கு ஒரு அழகான பேக்ரவுண்டு, அவ்வளவுதான் என நினைக்கிறோம். ஆனால் வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டால், அது இருந்ததற்கு மிச்சமாக இருக்கப்போவது யாரோ ஒருவர் போனில் உள்ள படம்தான். அந்தப் படத்தை ஒழுங்காக எடுப்பது எப்படி? வாங்க, பார்க்கலாம்.

எது வின்டேஜ்?

பழசாக இருக்கிற எல்லாவற்றையும் 'வின்டேஜ்' என்று சொல்லிவிடுகிறோம். கார் பிரியர்கள் உலக அளவில் 1919 முதல் 1930 வரை தயாரான கார்களைத்தான் வின்டேஜ் என்பார்கள். அதற்குப் பின் வந்த பிரபல மாடல்கள் 'கிளாசிக்' கணக்கில் வரும்.

நம் நாட்டுச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, ஒரிஜினல் வடிவம் மாறாத டூவீலரையும் காரையும் 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே ரோட்டில் ஓட்டலாம். தினசரி ஆபீஸ் போக முடியாது.

இன்னொரு பக்கம், 15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகத் தொடங்கியது. 15 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவில் இருக்கும் வண்டிகள்தான் பாவம். பெருமைப்படுகிற அளவுக்குப் பழசாகவில்லை, வைத்துக்கொள்கிற அளவுக்குப் புதுசாகவும் இல்லை. இன்று சத்தமில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருப்பவை இவைதான். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ இன்று தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. தயாரிப்பு நின்றது 1996-ல்தான்.

எங்கே எடுக்கலாம்?

முதலில் உங்கள் வீடு. அப்பாவின் பஜாஜ் சேத்தக், தாத்தாவின் அம்பாசடர், சித்தப்பாவின் டி.வி.எஸ். 50, கொட்டகையில் தூங்கும் டிராக்டர். டி.வி.எஸ். 50 வந்தது 1980-ல். அம்பாசடர் தயாரிப்பு நின்றது 2014-ல். இரண்டுமே இப்போது வரலாறுதான் பாஸ்!

அடுத்து சென்னை. ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டிய ரயில் மியூசியம் 2002-ல் திறக்கப்பட்டது. பழைய நீராவி எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்பதால் இயற்கை வெளிச்சத்திலேயே எடுக்கலாம். ராயபுரம் ஸ்டேஷனையும் விட்டுவிடாதீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. வேலூர்ப் பக்கத்து ஆட்கள் காலர் தூக்கிக்கொள்ளலாம்!

இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சின் இன்னும் சுவாரஸ்யம். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டது. ஓய்வுபெற்று நூறு ஆண்டுகளுக்கும் மேல் காட்சிப்பொருளாக நின்றதை, சென்னை பெரம்பூர் பணிமனை ஊழியர்கள் 2010-ல் மறுபடி ஓட வைத்தார்கள். சென்னையில் எழும்பூர் - கோடம்பாக்கம் இடையே பாரம்பரிய ரயிலாக ஓடியிருக்கிறது. அறிவிப்பு வந்தால் தவறவிடாதீர்கள்.

கார்களுக்குக் கோவை. அவிநாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்தில், 1886 பென்ஸ் காரின் மாதிரி வடிவம் தொடங்கி கார் வரலாற்றையே வரிசையாகப் பார்க்கலாம். ஓடுகிற நீராவி ரயில் வேண்டுமென்றால் நீலகிரி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வெளிச்சம்தான் பாதிப் படம்

உச்சி வெயிலில் வண்டியைப் படமெடுக்காதீர்கள். கூரை வெளுத்துப்போகும், சக்கரம் இருட்டில் மறையும். சூரியன் உதித்து ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம்... இதுதான் நல்ல நேரம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பாடியின் வளைவுகள் ஒவ்வொன்றும் தெரியும். பழைய வண்டிகளின் அழகே அந்த வளைவுகளில்தான் இருக்கிறது.

சூரியன் மறைந்த அடுத்த 15, 20 நிமிடங்களையும் விடாதீர்கள். நிழலே இல்லாத மெத்தென்ற வெளிச்சம் அது. ஹெட்லைட்டைப் போடச் சொல்லி எடுத்தால், பழைய பல்பின் மஞ்சளும் வானத்தின் நீலமும் சேர்ந்து அள்ளும். மேகமூட்டமான நாளும் நல்ல நாள்தான்.

மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு ஒரு எச்சரிக்கை. இலைகளுக்கு இடையே விழும் வெயில், பாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகப் படிந்துவிடும். முழு நிழலுக்கோ முழு வெளிச்சத்துக்கோ வண்டியை நகர்த்த முடியுமா எனக் கேளுங்கள். முடியாதென்றால் மேகம் வரும்வரை ஒரு டீ சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

பின்னால் போ, குனி, சுற்று

என் ஜீப்பின் ஹெட்லைட் வீங்கியதற்குக் காரணம், 1 எக்ஸ் லென்ஸில் ரொம்பக் கிட்டப்போனது. கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும், தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும். பத்தடி பின்னால் போய் 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் வைத்து எடுங்கள். வண்டி தன் உண்மையான உருவத்துக்கு வந்துவிடும்.

அடுத்து, குனியுங்கள். நின்றபடி எடுத்தால் கூரைதான் தெரியும். போனை ஹெட்லைட் உயரத்துக்குக் கொண்டுவந்தால் வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும்.

முன்பக்கமும் பக்கவாட்டும் ஒருசேரத் தெரிகிற மூலைக் கோணம்தான் எப்போதும் கைகொடுக்கும். அப்போது முன்சக்கரத்தின் டயர் பட்டைக்குப் பதிலாக வீல்கப் கேமராவைப் பார்க்கிற மாதிரி ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். சின்ன விஷயம், ஆனால் படமே மாறிவிடும்.

கிளிக் செய்வதற்கு முன் வண்டியைச் சுற்றி, ஓரங்களில் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். கூரையில் முளைக்கும் கரன்ட் கம்பம், பின்னால் நிற்கும் புது ஸ்கூட்டி, பிளெக்ஸ் போர்டு... நீங்கள் இரண்டடி நகர்ந்தாலே பாதி காணாமல் போகும்.

போர்ட்ரெயிட் மோடைத் தவிர்ப்பது நல்லது. ஆன்டெனா, கண்ணாடிக் கம்பி, ஸ்போக்ஸ் போன்ற மெல்லிய பாகங்களை அது தப்பாக வெட்டிவிடும். முக்கியமாக, எடுப்பதற்கு முன் போன் லென்ஸைத் துணியால் துடையுங்கள். பாக்கெட்டிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்குதான் பல படங்கள் மங்கலாவதற்குக் காரணம்.

கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்கள்!

பழைய கார் என்றால் குரோம் பம்பர், குரோம் கிரில், பளபளக்கும் வீல்கப். எல்லாமே வளைந்த கண்ணாடி மாதிரிதான். மஞ்சள், சிவப்புச் சட்டை போட்டுப்போனால் நீங்களும் படத்தில் இருப்பீர்கள். அடர்ந்த நிறச் சட்டை நல்லது.

போனில் மாட்டுகிற போலரைசர் ஃபில்டர் கிடைக்கிறது. அதை மெதுவாகச் சுழற்றினால் கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் தெரிகிற எதிரொளி குறையும். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் இருந்தால் அதை லென்ஸுக்கு முன்னால் பிடித்தும் முயற்சி செய்யலாம். ஆனால், குரோம் போன்ற உலோகப் பரப்பில் இந்த வித்தை பலிக்காது. அங்கே ஒரே வழி, நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுவதுதான்.

கறுப்பு கார், வெள்ளை கார்

போன் கேமராவுக்கு எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற பழக்கம் உண்டு. அதனால் கறுப்புக் கார் சாம்பலாக வெளுக்கும், வெள்ளை அம்பாசடர் அழுக்காகத் தெரியும். வண்டியின் மேல் ஒரு முறை தொடுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியை கறுப்புக் காருக்குக் கொஞ்சம் கீழே இழுங்கள், வெள்ளைக் காருக்குக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். அவ்வளவுதான்.

ஃபில்டர் போட்டு எல்லாப் படத்தையும் காபி கலராக்குகிற பழக்கத்தையும் குறைத்துக்கொள்ளலாம். அந்த வண்டியின் பெயின்ட் என்ன நிறம் என்பதே ஒரு தகவல். அதை அழிக்காதீர்கள்.

முழு வண்டி ஒரு படம்... கதை எட்டு படம்

ஒரு வண்டிக்குக் குறைந்தது இந்த எட்டுப் படங்களை எடுத்துவிடுங்கள்.

1. முன் மூலைக் கோணம்
2. பின் மூலைக் கோணம்
3. நேர்ப் பக்கவாட்டு
4. கம்பெனிச் சின்னமும் கிரில்லும்
5. டேஷ்போர்டு, ஸ்டீயரிங், கிலோமீட்டர் மீட்டர்
6. எஞ்சின்
7. கம்பெனி பெயரும் எண்ணும் பொறித்த தகடு
8. வண்டியோடு அதன் உரிமையாளர்

நான்காவது படம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஜீப்பே உதாரணம். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லீஸ் ராணுவ ஜீப்பின் கிரில்லில் ஒன்பது இடைவெளிகள். போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த மாடலில் ஏழு. நம் ஊரில் 1940-களின் இறுதியில் மஹிந்திரா ஜீப்பை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. பின்னால் வந்த சி.ஜே. 3பி மாடலை அதன் உயரமான பானெட்டை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு குளோசப்பை வைத்துக்கொண்டு வண்டியின் வம்சத்தையே பிடிக்கலாம் என்பது இதனால்தான்.

ஐந்தாவது படத்தில், டேஷ்போர்டில் ஒட்டிய சாமி படம், காய்ந்த எலுமிச்சைப் பழம், பேரனின் ஸ்டிக்கர் எதையும் எடுத்துவிட்டு 'க்ளீன்' செய்யாதீர்கள். அவையும் வண்டியின் வரலாறுதான். துருவும் அப்படியே.

ஓடுகிற வண்டி

வண்டி கூர்மையாகவும், பின்னணி கோடு கோடாகவும் இருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் பேனிங். புரோ மோடுக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/30 அல்லது 1/60 வையுங்கள், ஐ.எஸ்.ஓ.வைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். வண்டி உங்களைக் கடக்கும்போது இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, அதே வேகத்தில் போனைக் கூடவே நகர்த்தியபடி கிளிக் செய்யுங்கள். கிளிக் செய்த பிறகும் கையை நிறுத்தக் கூடாது. இருபதில் ஒன்று நன்றாக வந்தாலே வெற்றி.

இதை வெயிலில் முயன்றால் படம் வெள்ளையாகிவிடும். பெரும்பாலான போன்களில் லென்ஸ் திறப்பைக் குறைக்க முடியாது என்பதே காரணம். மாலை மங்கலில் முயலுங்கள்.

வேகமான ரயிலை மிக அருகில் எடுத்தால் ஜன்னல்கள் சாய்ந்த மாதிரி வரும். போன் சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் வரும் கோளாறு இது. தள்ளி நின்று எடுத்தால் குறையும். தள்ளி நிற்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். தண்டனையை விடுங்கள், உயிர் ஒன்றுதான்!

நீலகிரி நீராவி

மேட்டுப்பாளையம் - ஊட்டி, 46 கி.மீ. குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கிய ரயில், 1908-ல் ஊட்டியைத் தொட்டது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்.

படமெடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மலை ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முன்பெட்டிகளில் இருந்தால், வளைவுகளில் திரும்பிப் பார்க்கும்போது எஞ்சினும் புகையும் முழுதாகக் கிடைக்கும். மலை ஏறும்போது எஞ்சின் முழு மூச்சோடு வேலை செய்வதால் புகையும் அதிகம். இறங்கும்போது அவ்வளவு இருக்காது. ஆக, புகை வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுங்கள். குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குளிர்ந்த காலையில் நீராவி அடர்த்தியாகத் தெரியும். பின்னால் இருண்ட காடோ பாறையோ இருந்தால் வெண்புகை பளிச்சென்று எழும். வெளுத்த வானத்துக்கு முன்னால் எடுத்தால் புகை கரைந்துவிடும். பாதையில் 16 குகைகள் இருப்பதால் ஜன்னலுக்கு வெளியே தலையையோ கையையோ நீட்ட வேண்டாம். தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் போன்ற ஸ்டேஷன்களில் ரயில் நிற்கும். எஞ்சினை நிதானமாக எடுக்க அதுதான் சரியான நேரம்.

அமிர்தி மாதிரி இடங்களில்...

காடும் ஓடையும் மலையும் சேர்ந்த அமிர்தி, பழைய புல்லட்டுக்கோ ஜீப்புக்கோ அருமையான பின்னணிதான். ஆனால் அது வனத்துறைப் பகுதி. 1967-ல் தொடங்கிய சிறு உயிரியல் பூங்காவும் அங்கே இருக்கிறது. எங்கே வண்டி போகலாம், எங்கே போகக் கூடாது என்பதை வனத்துறையினரிடம் கேட்டுவிட்டே நிறுத்துங்கள். அனுமதி இல்லாமல் டிரோன் வேண்டவே வேண்டாம். ஹாரனும் பாட்டும் வேண்டாம்.

ரீல்ஸுக்காக வண்டியை ஓடையில் இறக்குவது இப்போது ஃபேஷன். பழைய வண்டிகளில் பெரும்பாலும் டிரம் பிரேக். உள்ளே தண்ணீர் போனால் பிடிப்பு குறையும், அடுத்த இறக்கத்தில் ஆபத்து. கூடவே வண்டியில் கசியும் ஆயில் ஓடையில் கலக்கும். ஓரமாக நிறுத்தி எடுத்தாலே போதும்.

போகிற வழியிலேயே ஒரு பாடமும் இருக்கிறது. கணியம்பாடி வழியாகப் போகும் விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே ஒரே ஒரு மீட்டர் அகலம்தான். பிறகு அதை அகலப்பாதையாக மாற்றிவிட்டார்கள். அந்தச் சின்ன ரயிலில் வேலூருக்குப் படிக்கப் போனவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் அதன் படம் ஒன்று இருக்கும்? தினமும் பார்க்கிற வண்டியை யாரும் படமெடுப்பதில்லை. நின்றுபோன பிறகுதான் தேடுகிறோம்.

கேட்டு எடுங்க... கொடுத்துட்டு வாங்க!

அனுமதி கேளுங்கள். வண்டியில் சாயாதீர்கள், பெல்ட் பக்கிளும் பேக் ஜிப்பும் பெயின்ட்டைக் கீறும். கதவை நீங்களாகத் திறக்காதீர்கள். சைலன்சர் சூடாக இருக்கும், கவனம். பதிவிடும்போது நம்பர் பிளேட்டை மறைக்க வேண்டுமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். வண்டி எந்த வருடம், யாரிடம் வாங்கியது, எங்கெல்லாம் ஓடியது என்பதை வாய்ஸ் நோட்டில் பதிந்து வையுங்கள். படத்தோடு அதுவும் சேர்ந்தால்தான் ஆவணம்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் அதே டீக்கடைக்குப் போனேன், இந்த முறை கறுப்புச் சட்டையில். பத்தடி பின்னால் போனேன், குனிந்தேன், எட்டுப் படத்தையும் எடுத்தேன். எட்டாவது படத்துக்கு, "ஐயா, நீங்களும் வண்டி பக்கத்துல நில்லுங்க" என்றதும், அவர் உள்ளே போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பானெட்டின் மேல் கையை வைத்தபடி, கேமராவைப் பார்க்காமல் ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலூரில் அதைப் பெரிதாக பிரின்ட் போட்டு, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி போனாலும் பேரனுக்குக் காட்ட இது இருக்கும்ல தம்பி."

உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஒரு வண்டி தூசி படிந்து நிற்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா?